பாசி மீளப் பரத்தல்

அனகாபுத்தூருக்கு அணித்தாய குன்றத்தூரில், வைகாசிப் பூசத்தன்று சேக்கிழார் குருபூசை கண்டு உள்ளங்கசிந்து மீண்ட அன்பரொருவர், மறுநாள் திருவைந்தெழுத்தும் நாவிற் சுவையாது மனம் வறண்டிருத்தல் உண்டு. நேற்றைய உருக்கம் பொய்யோ, இறைவன் தம்மை விடுத்தனனோ என அவர் ஐயுறுவர்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்தில் இந்நிலைக்கு உவமை கூறினார். பாசி மூடிய குட்டத்திற் கல்லெறிந்தால் பாசி அப்பொழுது விலகும். பின்னர்ப் பரந்து மூடும். அவ்வாறே அரனடியை உணரும்போது மலங்கள் அகன்று, பின் அணுகும் என்பது அவர் கருத்து. பாசி மூடியதனால் நீர் வற்றிற்று என்பார் இலர். விலகியபோது கண்டதும் அந்நீரே. ஆகலின் நேற்றைய உருக்கம் பொய்யன்று. மறைத்தலும் ஐந்தொழிலுள் ஒன்றாதலால், இவ்வறட்சியும் சிவசத்திக்குப் புறம்பாய் நிகழ்வதன்று என்க.

திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பெற்ற மணிவாசகரே, உத்தரகோசமங்கையில் நீத்தல் விண்ணப்பம் 50 பாடல்களால், தம்மைக் கைவிடற்க என்று இரந்தார். விட்டகன்றானை நோக்கி அங்ஙனம் இரப்பார் யாவர்? கேட்கும் அணிமையில் நிற்பவனிடமன்றோ விண்ணப்பம் செய்யப்படும்!

அலமருவோரை அருணந்தியார் கடிந்திலர். அவர் பொருட்டே ஒன்பதாஞ் சூத்திரத்துட் பாசம் அறுக்கும் நெறியை அருளுகின்றார். அந்நெறி திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுதல். சுவை தோன்றிய பின்னரே ஓதுக என்னும் நியமம் ஆண்டு இல்லை.