உமரிக்கீரை: உப்பு போடாமல் சமையுங்கள்

புதுச்சேரி குருசுக்குப்பம் கரையோரம் கருங்கல் கொட்டிக் கிடப்பதால் அங்கே உமரியைத் தேட வேண்டாம். தெற்கே தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தின் உவர்நிலத்தில் தானாக வளர்கிறது. காசு செலவில்லாத இந்தக் கீரையைப் பயன்படுத்தச் சில குறிப்புகள்:

● இலை குட்டியாக, சதைப்பற்றோடு இருக்கும். நகத்தால் கிள்ளினால் நீர் கசியும், நாக்கில் உப்புக் கரிக்கும். முதல் தடவை பறிக்கும்போது, செடியை நன்கு தெரிந்தவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

● நுனித் தளிரை மட்டும் கிள்ளுங்கள். சிவந்து முற்றிய தண்டு நார் நாராக இருக்கும். வேரோடு பிடுங்காதீர்கள். மீண்டும் துளிர்க்கட்டும்.

● சாக்கடை கலக்கும் இடத்திலும் படகு எண்ணெய் படிந்த சேற்றிலும் பறிக்கவே கூடாது.

● மூன்று நான்கு தண்ணீரில் அலசி, நிறைய நீரில் கொதிக்கவிட்டு வடித்துக் கொட்டுங்கள். பிழிந்தபின் வாயில் போட்டுப் பாருங்கள். இன்னும் கரித்தால் மறுபடி ஒரு கொதி விடுங்கள்.

● சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், பூண்டு தாளித்துக் கீரையை வதக்கி, வேகவைத்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் பொரியல் தயார். இறால் போட்டும் செய்யலாம். உப்பு டப்பாவைத் தொடவே வேண்டாம்.

● ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடக் கூடாது. வடித்தாலும் உப்பு முழுவதும் போகாது.

உமரி இனத்துச் செடியிலிருந்து பாவ்நகர் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் தாவர உப்பே தயாரித்திருக்கிறது. பிரான்சில் இதன் உறவுச் செடியை வினிகரில் ஊறுகாய் போடுகிறார்கள். நம் உப்பங்கழியில் விளைவதை நாமும் மறக்காமல் சமைப்போம்.