ஊருக்கு ரயிலேற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: முடிச்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரகடத்தில் வேலை. ஒருவன் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலைக்குப் போவதில்லை, ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் நடக்கிறான். ‘வீட்டு ஞாபகம்’ என்கிறார்கள் கூட இருப்பவர்கள். ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ், கேஸ் என்று யார் அலைவது? டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடலாமா, டாக்டர்?
– பெயர் வேண்டாம், முடிச்சூர்

பதில்: இப்போது வேண்டாம், அதுவும் தனியாக வேண்டவே வேண்டாம். தூக்கம் கெட்டுக் குழம்பியிருப்பவர் நடுவழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிவிட்டால் தேடுவது யார்? மனநலக் காப்பகங்களில் இப்படி வழிதவறி வந்த வெளிமாநிலத்தவரைப் பார்க்கலாம்.

முதலில் காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள். குடிப்பவராக இருந்து திடீரென்று நிறுத்தினாரா என்றும் விசாரியுங்கள். நிறுத்திய சில நாளில் கைநடுக்கத்தோடு வலிப்போ, இல்லாதது கண்ணுக்குத் தெரிவதோ வந்தால் உயிருக்கே ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், வீட்டிலிருந்து வரும் போனை எடுக்கிறாரா? வீட்டு ஞாபகம் வந்தவர் ஓயாமல் வீட்டோடு பேசுவார்; எடுக்காதவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கான்ட்ராக்டரிடம் வாங்கிய முன்பணம், வீட்டுக் கடன், வெறுங்கையோடு ஊரில் போய் நிற்கும் கூச்சம் – எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் எடுத்துத் தரும் டிக்கெட் அதைத் தீர்க்காது.

‘சாகலாம்போலத் தோன்றுகிறதா?’ என்று அறைத்தோழர் ஒருவர் ஒடியாவிலேயே நேராகக் கேட்கட்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால், ஒரு நிமிஷமும் தனியே விடாமல், மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டு, அன்றைக்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் காட்டலாம். அப்படி எண்ணம் இல்லையென்றால், 14416-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. ஒடியா, இந்தி உட்பட 20 மொழிகளில் பேசுகிறார்கள். அவரே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

போலீஸ் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால், மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதற்காக யார்மீதும் கேஸ் வராது. 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அரசுச் சிகிச்சை உரிமையும் அதே சட்டத்தில் எல்லோருக்கும் உண்டு. ஆதாரில் எந்த மாநிலம் இருந்தாலும் சரி.

கொஞ்சம் தேறியபின் ஊருக்குப் போக ஆசைப்பட்டால், கூட ஒருவரோடு, மருந்துச்சீட்டோடு அனுப்புங்கள். இந்த மாத வாடகைப் பேச்சு மட்டும் இப்போதைக்கு அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.