செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? சென்சார் வாங்கும் முன்...

பெட்ரோல் காரில் மைலேஜ் குறைந்து, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால் பலரும் உடனே கைகாட்டுவது ஆக்சிஜன் சென்சாரை. விலை ஆயிரங்களில் என்பதால் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

1. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிப் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பி0135 என்றால் முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. பி0420 வந்தால் சென்சாரை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கேடலிட்டிக் கன்வெர்ட்டரே பலவீனமாகியிருக்கலாம்.

2. சென்சார் வயரை முழு நீளத்துக்கும் பாருங்கள். எலி கடித்ததும், சூடான குழாயில் பட்டு உருகியதும் புது சென்சாரால் சரியாகாது.

3. புகைக்குழாய் இணைப்புகளில் கரிப்படிவு இருக்கிறதா, 'டப் டப்' சத்தம் வருகிறதா கவனியுங்கள். கசிவு வழியே வெளிக்காற்று புகுந்தால் நல்ல சென்சாரும் பொய் சொல்லும்.

4. இன்ஜின் நன்கு சூடானதும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறங்கள். சாதாரண சிர்கோனியா வகை முன் சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ, சோம்பலாக நகர்ந்தாலோ சந்தேகப்படலாம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளது அசையாமல் நிற்பது கோளாறு அல்ல. அதுதான் அதன் வேலை! (வைட்பேண்ட் சென்சாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

5. மாற்றியே ஆகவேண்டுமென்றால், குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள். முழுக்கக் குளிர்ந்தால் மரை இறுகிக்கொள்ளும்.