காசநோய் கண்ட மந்தையும் சாவகர் கடமையும்

மேலைநாடுகள் பலவும் மாட்டுக் காசநோயை ஒடுக்கிய வழி, சோதனையில் நோய்க்குறி காட்டிய மாட்டைக் கொன்றுவிடுதல். பசுமடம் பேணும் நமக்கு அவ்வழி ஆகாது. ஆயின், கொல்லோம் என்பதனால் மட்டுமே கொல்லாமை நிறைவுறுமா? உமாசுவாமி அடிகளின் தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மை வயப்பட்ட செயலால் உயிர்க்கு ஊறு விளைத்தலையே இம்சை என வரையறுக்கிறது. நோயுற்ற பசுவை மந்தையினுள்ளேயே விட்டுவைத்துக் கன்றுகளுக்கும் நோய் பரவக் காண்பது இவ்வரையறைக்குப் புறம்பானதன்று.

இந்நோய் வெளியே தெரியாமல் நெடுநாள் உறைந்திருக்கும். இருமல் தோன்றும் வரை காத்திருத்தல் பயனற்றது. ஆதலின் தோற்சோதனை வேண்டும். கால்நடை மருத்துவர் கழுத்துத் தோலினுள் 0.1 மி.லி. டியூபர்குலின் செலுத்தி, 72 மணி நேரம் கழித்துத் தோல் மடிப்பின் தடிப்பை மீண்டும் அளப்பார். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் நோய்த்தொற்று எனக் கொள்வர், 2 மி.மீ.க்கு மேற்பட்டு 4 மி.மீ.க்குக் குறைந்தால் ஐயத்திற்குரியது. ஒரு சோதனையில் தப்பியது நலமுடையது என்று துணிந்துவிடலாகாது. புதிதாய்த் தொற்றிய மாடு சில வாரங்கள் வரை குறி காட்டாது. நோய் முற்றிய மாடும், அண்மையில் கன்றீன்ற பசுவும் குறி காட்டாமல் போவதுண்டு. எனவே குறைந்தது 42 நாள் இடைவெளி விட்டு மந்தை முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் மாட்டுக் காசநோயும் உள்ளது. தெரிவிப்பதும் பிரித்து வைப்பதும் உரிமையாளர் கடமை. தேவையெனக் கருதின் கருணைக்கொலைக்கும் அச்சட்டம் இடமளிக்கிறது. நாம் காலந்தாழ்த்துந்தோறும் அந்த நிலை நெருங்கும் என்பதை மடத்துப் பொறுப்பாளர் மறத்தல் கூடாது.

பிரித்து வைத்தலிலும் ஒரு நெருடல் உண்டு. கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் கட்டிவைத்தலும், உணவு நீர் மறுத்தலும் அடங்கும். இருண்ட கொட்டிலில் குறுங்கயிற்றில் பிணித்துத் தீனியைக் குறைப்பது அறமன்று, மருத்துவமும் அன்று. இங்கே மூலனூர், தாராபுரம், காங்கயம் வட்டாரத்துக் கொறங்காடுகள் நமக்குக் கைகொடுக்கும். கிளுவை வேலி சூழ்ந்த அம்மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல நிழலும் இருக்க, கயிறின்றியே ஒரு மாட்டைத் தனித்து வைக்கலாம். வெயிலும் காற்றும் கிருமிக்குப் பகை. ஈரமும் இருளும் அதற்குத் துணை. அடுத்த காட்டு மாடுகள் வேலியோரம் வந்து மூக்குரசாதபடி இடையில் இடம் விடுவது மட்டும் நம் பொறுப்பு.

தண்ணீர்த் தொட்டி தனியே இருக்கட்டும். நலமுள்ளவற்றுக்கு முதலில் தீனியிட்டு, நோயுற்றவற்றுக்கு இறுதியில் இடுக. மடத்திற்குப் புதிதாக வரும் மாட்டை 30 நாளேனும் ஒதுக்கி வைத்துச் சோதித்த பின்னரே சேர்க்க வேண்டும். சந்தையில் மீட்ட மாடாயின் இரக்க மிகுதியால் இவ்விதி தளர்வதே வழக்கம். நோய்ப்பசுவின் கன்றுக்கு வேறு நலமுள்ள பசுவின் பாலையோ, காய்ச்சி ஆற்றிய பாலையோ தருக. பணியாளருக்கு நீடித்த இருமல் இருப்பின் அவருக்கும் சளிச் சோதனை தேவை. மனிதக் காசநோயும் மாட்டைத் தொற்றும்.