வந்து சென்ற தொற்றை இரத்தப் பரிசோதனை எவ்வாறு கணக்கிடுகிறது?

2020ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை, மாநிலம் முழுவதும் இரத்த மாதிரிகளைத் திரட்டி, மக்களில் எத்தனை பேருக்குக் கொரோனா தொற்று ஏற்கெனவே வந்து சென்றிருக்கிறது என்று ஆராய்ந்தது. ஏறத்தாழ 31 சதவீதத்தினரிடம் அதற்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. 2021 ஏப்ரலில் மறுபடியும் ஆராய்ந்தபோது அந்த அளவு ஏறத்தாழ 23 சதவீதமாக இறங்கியிருந்தது. ஒருமுறை வந்து சென்ற தொற்று, பின்னர் வராததாக ஆகிவிட முடியாது. அப்படியிருக்க, எண் எவ்வாறு குறைந்தது?

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் எனப் பல ஊர்களிலிருந்தும் நம்மிடம் வருவோர் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்கின்றனர். "வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது, அம்மாவுக்கு மட்டும் எதிர்ப்பொருள் இல்லை என்று அறிக்கை சொல்கிறதே, அவர்களுக்குத் தொற்றே வரவில்லையா?" இரண்டு கேள்விகளுக்கும் விடை ஓரிடத்திலேயே உள்ளது. இந்தப் பரிசோதனை தொற்றை நேரடியாகக் காண்பதில்லை. வைரஸ் சென்ற பின்பு உடல் உருவாக்கி வைத்திருக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, அளக்கிறது. அதிலும் எல்லா எதிர்ப்பொருள்களையும் அல்ல. தனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒன்றிரண்டை மட்டுமே.

நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்குவது எளிது. நெத்திலிக்கு விரிக்கும் வலை வேறு, பாரைக்கு விரிக்கும் வலை வேறு. பெரிய கண் வலையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கடலில் நெத்திலியே இல்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். பரிசோதனைக்கும் அத்தகைய கண் அளவு உண்டு. எந்தப் புரதத்தை இரையாக வைப்பது, எந்த அளவுக்கு மேல் 'உண்டு' என்று கொள்வது என்னும் இரண்டு முடிவுகளால் அது அமைகிறது.

முதலில் புரதம். கொரோனா வைரஸின் மேலுள்ள கூர்முனைப் புரதத்துக்கும், உள்ளே மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் உட்கருப் புரதத்துக்கும் உடல் தனித்தனியே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. உட்கருப் புரதத்தை அடிப்படையாகக் கொண்ட சில பரிசோதனைகளில் சில மாதங்களிலேயே அளவு விரைவாக இறங்கிவிடுவது பல நாடுகளில் காணப்பட்டது. வேறு வகையில் வடிவமைக்கப்பட்ட பரிசோதனைகள் அதே மனிதர்களிடம் நெடுங்காலம் எதிர்ப்பொருளைக் காட்டின. தமிழ்நாட்டின் எண் 31இலிருந்து 23ஆக இறங்கியதற்கும் எதிர்ப்பொருள் தேய்வதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களில் நடத்திய மூன்றாவது தேசிய ஆய்வில் இரு புரதங்களையும் தேடி, ஏதேனும் ஒன்றுக்கு எதிர்ப்பொருள் இருந்தாலே தொற்று வந்ததாகக் கொண்டது. ஒரே வலையை நம்பாமல் இரண்டை விரித்தது நல்ல முடிவு என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்தது எல்லைக்கோடு. ஒரு பரிசோதனை எவ்வளவு கூர்மையானது என்பதை, தொற்று உறுதியான நோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டு அளவிடுவர். அவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள். கடுமையாக நோயுற்றவர்களிடம் எதிர்ப்பொருள் மிகுதியாக இருக்கும். இலேசான சளியோடு படகுக்குச் சென்று திரும்பியவரிடம் அந்த அளவு இராது. மருத்துவமனை நோயாளிகளை வைத்து வகுத்த கோடு அவரைத் தவறவிடக்கூடும். மேலே சொன்ன அம்மாவின் அறிக்கைக்கு இதுவும் ஒரு விளக்கம்.

தவறவிடுவது ஒருபுறம் இருக்க, இல்லாததை உண்டு என்று சொல்வதும் நேர்கிறது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் பேர் வாழும் கரையோரக் குடியிருப்பில் உண்மையில் 10 பேருக்குத் தொற்று வந்து சென்றது என்று வைத்துக்கொள்வோம். தொற்று வந்தவர் நூற்றில் 90 பேரைச் சரியாகக் கண்டுபிடித்து, வராதவர் நூற்றில் 98 பேரைச் சரியாக விலக்கும் பரிசோதனை கையிலிருக்கிறது. பத்தில் 9 பேரை அது கண்டுபிடிக்கும். மற்ற 990 பேரில் ஏறத்தாழ 20 பேரையும் தவறுதலாகச் சேர்த்துவிடும். ஆக 29 பேர். உண்மையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே ஊரில் 600 பேருக்குத் தொற்று வந்திருந்தால், அதே பரிசோதனை 548 என்று குறைத்துக் காட்டும். பரிசோதனை மாறவில்லை, தொற்று அரிதாக இருக்கும்போது கூட்டியும், மிகுந்திருக்கும்போது குறைத்தும் சொல்கிறது.

இதனால்தான் 2020 மே, ஜூன் மாதங்களில் நடந்த முதல் தேசிய ஆய்வில், ஒரு பரிசோதனையில் எதிர்ப்பொருள் தென்பட்டவர்களின் இரத்தத்தை வேறொரு பரிசோதனையிலும் இட்டு, இரண்டிலும் தேறியதையே எண்ணினர். பரிசோதனைகளின் குறைநிறைகளைக் கணக்கில் கொண்டு திருத்தியபின் வயதுவந்தோரில் 0.73 சதவீதம் என்ற முடிவு கிடைத்தது. இத்தகைய திருத்தத்துக்கான சூத்திரத்தை 1978இலேயே ரோகன், கிளாடன் என்னும் இருவர் வெளியிட்டிருந்தனர். ஆனால் கூர்மை பற்றிய அளவே மருத்துவமனை நோயாளிகளிடமிருந்து வந்ததாயின், திருத்தமும் அந்த அளவுக்கே நம்பத்தக்கது.

தடுப்பூசி வந்தபின் சிக்கல் இன்னும் கூடியது. அமெரிக்காவில் போடப்பட்டவை கூர்முனைப் புரதத்துக்கு மட்டுமே எதிர்ப்பொருள் உண்டாக்கின. ஆகவே உட்கருப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருந்தால் அது தொற்றால் வந்தது என்று அங்கு பிரித்தறிய முடிந்தது. இங்கு கோவிஷீல்டுக்கு அந்த விதி பொருந்தும். கோவாக்சினோ செயலிழக்கச் செய்த முழு வைரஸால் ஆனது. தொற்றே வராதவரிடமும் உட்கருப் புரத எதிர்ப்பொருளை அது உண்டாக்கக்கூடும். எனவே, எந்தத் தடுப்பூசி போட்டவர் என்று தெரியாமல் இந்த அறிக்கையைப் படிப்பது வீண்.

கொரோனாவோடு இது முடியவில்லை. இக்கரையில் மழைக்காலந்தோறும் நாம் காணும் டெங்குவில் இதன் விளைவு இன்னும் நேரடியானது. 2017–18இல் 15 மாநிலங்களில் 5 முதல் 45 வயதினரிடம் திரட்டிய 12,300 மாதிரிகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ பாதிப்பேருக்கு, அதாவது 48.7 சதவீதத்தினருக்கு, டெங்கு ஏற்கெனவே வந்து சென்றிருப்பது தெரிந்தது. தென்மாநிலங்களில் அது 76.9 சதவீதம். அந்த ஆய்வு தேடிய ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் இரத்தத்தில் தங்குவது. டெங்குவின் உறவுக்கார வைரஸ்களுக்கும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கும் உண்டான எதிர்ப்பொருளையும் சில நேரங்களில் டெங்கு என்றே காட்டிவிடும்.

இந்தப் பிழை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைப் பிலிப்பைன்ஸ் கண்டது. அங்கு 2016இல் பள்ளிச் சிறுவர்களுக்கு டெங்கு தடுப்பூசி பெருமளவில் போடப்பட்டது. முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அதே ஊசியால் பின்னாளில் கடுமையான டெங்கு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. அதன்பின், முன்பு தொற்று வந்ததா என்று பரிசோதித்தே போடுவது நல்லது என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அங்கே எதிர்ப்பொருள் பரிசோதனை பொய்யாக 'உண்டு' என்றால், ஊசி போடக்கூடாத பிள்ளைக்குப் போடப்பட்டுவிடும்.

ஆகவே காய்ச்சலோடு வரும்போது ஐ.ஜி.ஜி. மட்டும் 'உண்டு' என்றிருக்கும் அறிக்கையைக் கண்டு, இப்போது வந்திருப்பது டெங்குவே என்றோ, பழையதுதான் என்றோ வீட்டில் முடிவு செய்யவேண்டாம். இரண்டாம் முறை டெங்கு வருபவரிடம் இதே எதிர்ப்பொருள் விரைவில் உயர்வதும் உண்டு. காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் என்.எஸ்.1 பரிசோதனையும், அதன்பின் ஐ.ஜி.எம். பரிசோதனையும் தகுந்தவை. கொரோனா எதிர்ப்பொருள் அறிக்கையை வைத்துத் தடுப்பூசியைத் தவிர்ப்பதும் சரியன்று. அறிக்கையைக் கொண்டுவரும்போது, காய்ச்சல் தொடங்கிய நாள், இரத்தம் எடுத்த நாள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகளின் பெயர், பரிசோதனை எந்த வகை என்பது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி உடன் கொண்டுவாருங்கள். பரிசோதனையின் வகை பெரும்பாலும் அறிக்கையிலேயே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.