நாமகிரியும் அதியர் குடைவரையும்

சேலத்தினின்று தெற்கு நோக்கி வருவோர்க்கு இடப்புறம் கொல்லிமலைத் தொடர் நீண்டு கிடக்கும். சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே பாய்ந்து, தெற்கே காவிரியில் கலக்கின்றது. கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இச்சமவெளியில், சுமார் 200 அடி உயரம் ஒரே பாறையாய் எழுந்து நிற்பது நாமகிரி.

ஆஞ்சநேயர் கண்டகி நதியினின்று ஏந்தி வந்த ஸாளக்கிராமம், கமலாலயத் திருக்குளத்தருகே இறக்கி வைக்கப்பட்டு மலையாய் வளர்ந்தது என்பது ஸ்தல புராணம். அங்கே தவமிருந்த மஹாலக்ஷ்மியே நாமகிரித் தாயார்.

மலையின் மேற்கே ஸ்ரீ நரஸிம்ஹர், கிழக்கே ஸ்ரீ ரங்கநாதர் என இரு குடைவரைகள் உள. இரண்டும் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ரங்கநாதர் கார்க்கோடகன்மேல் சயனித்திருப்பதாக ஐதிஹ்யம். அக்குடைவரையிலுள்ள கிரந்த எழுத்து ஸம்ஸ்க்ருதக் கல்வெட்டு, அதியர் குலத்து குணசீலன் என்னும் அரசன் இதனை அமைத்ததாகவும், இதன் பெயர் 'அதியேந்த்ர விஷ்ணுக்ருஹம்' என்றும் தெரிவிக்கின்றது. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் இது எண்ணப்படவில்லை என்று சிலர் குறைபடுவதுண்டு. ஆழ்வார்கள் வாழ்ந்த காலத்திலேயே இப்பாறை எம்பெருமானுக்கு இல்லமாயிற்று என்பதை அன்னார் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதியரின் தலைநகரோ வடக்கே தகடூர், இன்றைய தர்மபுரி. அவர்கள் இவ்வளவு தெற்கே வந்து கோயில் குடைவானேன்? தகடூர் மேட்டுநிலத்தினின்று காவிரிக்கரைக்கு இறங்குவோர்க்கு இச்சமவெளியே வழி. வழி எளிதாயின் படையும் எளிதில் வரும். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் ஸ்ரீவரமங்கலச் செப்பேடு, காவிரியின் வடகரையில் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் என்னுமிடங்களில் அவன் அதியனை வென்றதைக் கூறுகின்றது. அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் சேரனும் வந்தனராம். வென்ற அப்பாண்டியனும் கொங்கு நாட்டுக் காஞ்சிவாய்ப்பேரூரில் திருமாலுக்கு மலைபோன்றதொரு கோயில் எடுத்ததாக அதே செப்பேடு பகர்வது கருதத்தக்கது. போர்க்களத்தில் எதிர்நின்ற இரு குலத்தாரும் வணங்கிய தெய்வம் ஒன்றே.

மலையுச்சிக் கோட்டை பிற்காலத்தது. 1768இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். சில மாதங்களில் ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி கும்பினியார் வசமாயிற்று. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். ஆட்சி இத்தனை மாறியும் குணசீலன் இட்ட பெயர் பாறையில் இருக்கின்றது.

பங்குனித் தேருக்கு வரும் ஸேவார்த்திகள் பலர் நரஸிம்ஹரையும், எதிரே மேற்கூரையின்றி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரையும் ஸேவித்து அவ்வளவில் ஊர் திரும்பிவிடுகின்றனர். மலையைச் சுற்றிக் கிழக்கே சென்று படியேறினால் ரங்கநாதர் ஸந்நிதி. அங்கே ஹரியும் ஹரனும் ஓருருவான சங்கரநாராயணர் சிற்பமும் உண்டு. கல்வெட்டு எழுத்துக்களின்மீது எண்ணெயோ குங்குமமோ படாமல் பார்த்துக்கொள்வது ஸேவார்த்திகளின் கடமை. அவை மழுங்கினால் மறுபடி வெட்டுவதற்கு குணசீலன் வரமாட்டான்.