திரும்பி வந்த ஒப்பந்தத்தில் என்ன மாறியது?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துபவரா? வேர்ட் கோப்பாக அனுப்பிய ஒப்பந்தத்தில் "30 நாளில் பணம்" என்றிருந்தது "90 நாள்" என்று மாறி வந்தால், அவசரத்தில் கண்ணில் படாது. (சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சவரம்பு என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம்.)

அனுப்பும் முன் 'ரிவ்யூ' பட்டியில் 'ட்ராக் சேஞ்சஸ்' போடுங்கள். அதிலேயே 'லாக் ட்ராக்கிங்' கொடுத்துக் கடவுச்சொல் வைத்தால், எதிர்த்தரப்பு அதைச் சுலபமாக அணைக்க முடியாது.

அது போடாமல் அனுப்பிவிட்டீர்களா? கவலை வேண்டாம். நீங்கள் அனுப்பிய பிரதி கையில் இருந்தால் போதும். 'ரிவ்யூ'வில் 'கம்பேர்' அழுத்தி, பழையதையும் புதியதையும் காட்டுங்கள்; மாறிய ஒவ்வொரு சொல்லும் தனியாகத் தெரியும். ஆகவே அனுப்பிய கோப்பின் மேலேயே திருத்தாதீர்கள், தேதியோடு வேறு பெயரில் சேமியுங்கள். இலவச லிப்ரே ஆபீஸிலும் 'எடிட்', 'ட்ராக் சேஞ்சஸ்' வழியாக இப்படி ஒப்பிடும் வசதி உண்டு.

முக்கியமான எச்சரிக்கை: 'ரிவ்யூ'வில் உள்ள 'நோ மார்க்கப்' காட்சி, திருத்தங்களை மறைக்குமே தவிர நீக்காது. 'அக்செப்ட் ஆல்' கொடுக்காமல் விலைப்புள்ளியை அனுப்பினால், நீங்கள் அடித்துத் திருத்திய பழைய விலையும் வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும்.